அடுப்படியின் எச்சரிக்கை மணி

அதிகாலை ஐந்து மணி. ஊர் இன்னும் எழவில்லை. அந்த வீட்டில் வழக்கம்போலப் பாட்டிதான் முதலில் எழுந்தார். டீ போட அடுப்படிக்குப் போனார். உள்ளே ஒரே இருட்டு. விளக்குப் போட சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"அத்தை! சுவிட்சைத் தொடாதீங்க!"

பின்னாலிருந்து மருமகளின் குரல். பாட்டி திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"கேஸ் வாடை அடிக்குது அத்தை. உங்களுக்குத் தெரியலையா?"

பாட்டிக்குத் தெரியவில்லை. மூன்று நாளாகச் சளி. மூக்கு அடைத்திருந்தது.

மருமகள் வாசல் கதவை அகலமாகத் திறந்தார். தெருவிளக்கின் வெளிச்சம் உள்ளே வந்தது. அந்த வெளிச்சத்தில் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினார். ஜன்னலையும் திறந்து வைத்தார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி வெளியே அழைத்துப் போனார். எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை.

விடிந்ததும் மெக்கானிக் வந்தார். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் டியூப்பைக் கையில் எடுத்தார். ஓரிடத்தில் எலி கடித்திருந்தது. மற்ற இடங்களிலும் மெல்லிய வெடிப்புகள்.

"இந்த டியூப் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சும்மா?" என்று கேட்டார்.

யாருக்கும் நினைவில்லை. அவர் ஒரு துணியால் டியூப்பைத் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு போனதும் எழுத்துகள் தெரிந்தன. அதில் வருடம் அச்சடித்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

"அஞ்சு வருஷத்துல மாத்தியிருக்கணும்மா" என்றார் மெக்கானிக்.

டியூப்பின் மேலேயே எழுதியிருந்தது. ஒன்பது வருடமாக அது கண்ணெதிரே கிடந்தது. அந்த வீட்டில் யாரும் அதைப் படித்ததில்லை.

விறகும் கேஸும்

நம் நாட்டில் வீடுகளுக்குக் கேஸ் அடுப்பு வந்து பல காலம் ஆகிறது. இண்டேன் கேஸ் 1965-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் முதன்முதலாக வீட்டுக்கு வந்தது. அப்போது அது நகரத்தில் வசதி உள்ளவர்களின் அடுப்பு. கிராமத்து வீடுகளில் விறகும் வறட்டியும்தான் எரிந்தன.

2016-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தில் பலியா என்ற ஊரில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பெயரில் கேஸ் இணைப்பு தரும் திட்டம் அது. அதன்பின் கிராமத்து வீடுகளுக்கும் சிலிண்டர் வந்தது. 2014-இல் நாட்டில் சுமார் 14 கோடி வீட்டு இணைப்புகள் இருந்தன. 2024-இல் அவை 32 கோடிக்கும் மேல் ஆகிவிட்டன.

கேஸ் நல்லது. கண்ணில் புகை இல்லை. இருமல் இல்லை. விறகு பொறுக்க அலைய வேண்டாம். ஆனால் விறகு அடுப்பில் பழகியவர்கள் ஒன்றை மட்டும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

விறகு எரியும்போதுதான் ஆபத்து. கேஸ் எரியாமல் கசியும்போதுதான் பெரிய ஆபத்து.

விறகு அடுப்பு அணைந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். அதன் புகை கண்ணுக்குத் தெரியும். கேஸ் அப்படி இல்லை. அடுப்பு எரியாத நேரத்திலும் அது கசியலாம். கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நிறமில்லை.

சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. வெளியே வந்ததும் ஆவியாகிப் பெருகுகிறது. ஒரு டம்ளர் திரவம் சுமார் 250 டம்ளர் கேஸாக மாறும். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையோடு தரையாகப் பரவும். பள்ளமான இடத்தில் தேங்கும். கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு அடியிலும் புகுந்துகொள்ளும்.

காற்றில் 100 பங்கில் 2 பங்கு கேஸ் கலந்தாலே போதும். ஒரு சின்னப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

சுவிட்சைப் போடும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி பறக்கும். அது நம் கண்ணுக்குத் தெரியாது. கேஸுக்கு அது போதும். சுவிட்சை அணைத்தாலும் அதே பொறிதான். அதனால்தான் மருமகள் "சுவிட்சைத் தொடாதீங்க" என்று கத்தினார்.

வாடை எங்கிருந்து வந்தது?

சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கேட்டால் வியப்பாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை. நமக்கு வரும் அந்த நாற்றம் வேண்டுமென்றே சேர்த்தது. எத்தில் மெர்காப்டன் என்ற ஒரு பொருளைக் கேஸில் மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். அது அழுகிய முட்டைக்கோசைப் போல நாறும்.

வாடை ஏன் வேண்டும் என்பதை உலகம் ஒரு பெரிய துயரத்தில் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர். 1937-ஆம் ஆண்டு மார்ச் 18. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தரைக்கு அடியில் கேஸ் கசிந்து தேங்கியிருந்தது. அந்தக் கேஸுக்கு வாடை இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. தொழில் வகுப்பில் ஒரு மின்கருவியை ஓட விட்டார்கள். அதிலிருந்து பொறி பறந்தது. கட்டடமே வெடித்துச் சிதறியது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள்.

அதன்பிறகு டெக்சாஸில் கேஸுக்கு வாடை சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மற்ற இடங்களிலும் அந்தப் பழக்கம் பரவியது.

ஆகவே அந்த நாற்றத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அதுதான் நம் அடுப்படியின் எச்சரிக்கை மணி. பற்றிக்கொள்ளும் அளவுக்குக் கேஸ் சேர்வதற்கு முன்பே அந்த மணி அடித்துவிடும்.

மணி அடித்தும் கேட்காமல் போகலாம்

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் பல வீடுகளின் கூரையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். புகை பட்டால் அது பெரிதாகக் கூவும். தூங்குகிறவர்களை எழுப்பிவிடும். அந்தப் பெட்டியை மாதம் ஒருமுறை பொத்தானை அமுக்கிச் சோதிக்கச் சொல்கிறார்கள். பேட்டரி தீர்ந்துபோனால் பெட்டி கூவாது. பெட்டி இருக்கிறது என்று நம்பித் தூங்குவார்கள். ஆனால் அது ஊமையாகக் கிடக்கும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் அந்தப் பெட்டி இல்லை. நமக்கு மூக்குதான் பெட்டி. மூக்கும் சில நேரம் ஊமையாகிவிடும்.

சளி பிடித்தால் வாடை தெரியாது. வயதானவர்களுக்கு வாடை தெரிவது குறையும். 2020-இல் கொரோனா வந்தபோது பலருக்கு வாடையே தெரியாமல் போனது. ஒரே இடத்தில் வெகுநேரம் இருந்தால் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் தெரியும். தூங்கும்போது வாடை நம்மை எழுப்பும் என்றும் நம்ப முடியாது.

அதனால் மூக்கை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கண்ணாலும் கையாலும் சோதிக்க வேண்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கொஞ்சம் சோப்பும் ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும்.

சோப்புத் தண்ணீர் சோதனை

மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கட்டாயம் செய்ய வேண்டும்.

1. அடுப்பை அணையுங்கள். வீட்டில் சாமி விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அதையும் அணையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

2. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுங்கள். சோப்பைக் கரைத்து நுரை வரக் கலக்குங்கள்.

3. அடுப்பின் திருகுகள் மூடியே இருக்கட்டும். ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள்.

4. சோப்புத் தண்ணீரை விரலால் அல்லது பஞ்சால் தொட்டுத் தடவுங்கள். எங்கெல்லாம் தடவ வேண்டும்? சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடம். ரெகுலேட்டரும் டியூப்பும் சேரும் இடம். டியூப் முழுவதும். டியூப்பும் அடுப்பும் சேரும் இடம்.

5. ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். புதிதாகக் குமிழி கிளம்பிப் பெரிதானால் அங்கே கசிவு இருக்கிறது. குமிழி வராவிட்டால் நல்லது.

6. கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். கேஸ் ஏஜென்சிக்குச் சொல்லுங்கள்.

7. சோதனை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

சிலர் தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவைத் தேடுவார்கள். அப்படி ஒருபோதும் செய்யக் கூடாது. கசிவைத் தீ கண்டுபிடிக்கும். ஆனால் அதைச் சொல்ல வீடு இருக்காது.

டியூப்பைக் கவனியுங்கள்

கசிவு பெரும்பாலும் சின்னச் சாமான்களில்தான் தொடங்கும். டியூப்பும் வாஷரும்தான் முதலில் கெட்டுப்போகும்.

ஏஜென்சியில் கிடைக்கும் பாதுகாப்பு டியூப் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதன் உள்ளே கம்பிப் பின்னல் உண்டு. எலி எளிதில் கடித்துத் துளைக்க முடியாது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும். தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாயைக் கேஸுக்குப் போடக் கூடாது.

டியூப்பின் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒட்டுப் போடக் கூடாது. சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியே இழுக்கக் கூடாது. டியூப் அழுக்காகும் என்று சிலர் துணி சுற்றி வைப்பார்கள். அப்படிச் செய்தால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

அடுப்பின் சூடு டியூப்பில் படாமல் பாருங்கள். டியூப்பை லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், கெட்டியாகிப் போயிருந்தால், எலி கடித்திருந்தால் அன்றே மாற்றுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

சிலிண்டர் பேசுகிறது

சிலிண்டரின் தலைப்பக்கம் பாருங்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கி மூன்று இரும்புப் பட்டைகள் இருக்கும். அந்தப் பட்டைகளின் உட்பக்கம் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். அவை சும்மா எழுதியவை அல்ல.

ஒரு பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். அந்தச் சிலிண்டரை எப்போது மறுபடி சோதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இதற்கு ஆங்கிலம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. நான்கே எழுத்துகள்தான்.

ஏ: கூரை வீட்டைப் போல இருக்கும். நடுவில் ஒரு குறுக்குக் கோடு. இது ஜனவரி முதல் மார்ச் வரை.

பி: ஒரு நேர்க்கோடு. அதன் வலப்பக்கம் இரண்டு வயிறு. இது ஏப்ரல் முதல் ஜூன் வரை.

சி: பிறை நிலாவைப் போல இருக்கும். இது ஜூலை முதல் செப்டம்பர் வரை.

டி: ஒரு நேர்க்கோடு. அதன் வலப்பக்கம் ஒரே ஒரு பெரிய வயிறு. இது அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

பக்கத்தில் உள்ள இரண்டு எண்கள் வருடத்தைக் குறிக்கும். சி-29 என்று இருந்தால் என்ன பொருள்? 2029-ஆம் ஆண்டு செப்டம்பர் முடிவதற்குள் அந்தச் சிலிண்டரைச் சோதிக்க வேண்டும் என்று பொருள். புதுச் சிலிண்டரைப் பத்து ஆண்டில் முதல்முறை சோதிப்பார்கள். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பார்கள். இரும்பு தாங்குமா, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள்.

காலம் கடந்த சிலிண்டரைக் கொண்டுவந்தால் வாங்க வேண்டாம். "இதைச் சோதிக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது. வேறு கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. இதைச் சண்டையாகப் பேச வேண்டியதில்லை. எழுத்தைக் காட்டினாலே போதும்.

வாசலில் வாங்கும்போதே பாருங்கள்

சிலிண்டர் கொண்டுவருபவர் அவசரத்தில் இருப்பார். நமக்கும் அடுப்படியில் வேலை இருக்கும். ஆனாலும் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

சீல் பிரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைக் காலத்தைப் படியுங்கள். பிறகு எடையைப் பாருங்கள். காலிச் சிலிண்டரின் எடை பட்டையில் எழுதியிருக்கும். வீட்டுச் சிலிண்டரில் 14 கிலோ 200 கிராம் கேஸ் இருக்க வேண்டும். காலிச் சிலிண்டர் 15 கிலோ 300 கிராம் என்றால் மொத்தம் 29 கிலோ 500 கிராம் இருக்க வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லலாம்.

அடுத்து, சீலை அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். வால்வின் உள்ளே கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். அது இருக்கிறதா, நைந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். கசிவு இருக்கிறதா என்று அவரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். வாஷர் இல்லாவிட்டாலும் கசிந்தாலும் அந்தச் சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள்.

சிலிண்டரின் வாயை மூட ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. கயிற்றில் தொங்கும். பல வீடுகளில் அதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அது விளையாட்டுச் சாமான் அல்ல. கசிவு வந்தால் வாயை அடைக்க அதுதான் உதவும்.

எங்கே வைப்பது? எப்படிப் பழகுவது?

சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். தரையில், காற்று வரும் இடத்தில் வைக்க வேண்டும். பள்ளத்தில் வைக்கக் கூடாது. காற்றுப் புகாத அலமாரிக்குள் அடைக்கக் கூடாது. அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். சிலிண்டருக்குப் பக்கத்தில் விறகு அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு எரியக் கூடாது.

பம்பாய், தில்லி போன்ற நகரங்களில் பல குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்கின்றன. சமையலும் அங்கேதான். தூக்கமும் அங்கேதான். அப்படிப்பட்ட வீட்டில் பாயை விரிக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது இன்னும் முக்கியம். கேஸ் தரையில்தான் பரவும். நாமும் தரையில்தான் படுக்கிறோம்.

கேஸ் தீரும் நேரத்தில் சிலர் சிலிண்டரைப் படுக்க வைப்பார்கள். குலுக்குவார்கள். வெந்நீரில் வைப்பார்கள். இது பெரிய ஆபத்து. படுக்க வைத்தால் திரவமே டியூப்புக்குள் வந்துவிடும். ஒரு வேளைச் சமையலுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா? பெரிய சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்குக் கேஸ் மாற்றுவதும் அப்படித்தான். அது சட்டப்படியும் குற்றம்.

அடுப்புத் தீ நீல நிறத்தில் எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பர்னரின் துளை அடைத்திருக்கலாம். பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடலாம். தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். அதனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள்.

நைலான், பாலியஸ்டர் துணி தீப்பட்டால் உருகும். உடம்பில் ஒட்டிக்கொள்ளும். சமைக்கும்போது பருத்தித் துணி நல்லது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

இரவு வேலை முடிந்ததும் அடுப்புத் திருகை மூடினால் மட்டும் போதாது. ரெகுலேட்டரையும் மூடுங்கள். வாசல் கதவைப் பூட்டுவதைப் போல இதையும் பழக்கமாக்குங்கள். அன்று பாட்டியின் வீட்டில் முந்தைய இரவு ரெகுலேட்டரை மூடியிருந்தால் டியூப் கசிந்திருக்காது.

வாடை வந்தால் என்ன செய்வது?

முதலில் பதறாதீர்கள். இந்த வரிசையை நினைவில் வையுங்கள்.

1. தீக்குச்சி, லைட்டர் எதையும் தொடாதீர்கள். எரியும் விளக்கு, ஊதுபத்தி, பீடி எல்லாவற்றையும் அணையுங்கள்.

2. எந்தச் சுவிட்சையும் போடாதீர்கள். எரிகிற விளக்கின் சுவிட்சை அணைக்கவும் வேண்டாம். மின்விசிறி வேண்டாம். உள்ளே நின்று போன் பேச வேண்டாம்.

3. ரெகுலேட்டரையும் அடுப்புத் திருகுகளையும் மூடுங்கள்.

4. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள்.

5. குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகளை வெளியே அழைத்துப் போங்கள்.

6. மூடிய பிறகும் வாடை வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியால் சிலிண்டரின் வாயை அடையுங்கள். முடிந்தால் சிலிண்டரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

7. வெளியே வந்து, தள்ளி நின்று 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்காகவே உள்ள எண் இது. நாடு முழுவதும் ஒரே எண். இரவும் பகலும் பேசலாம்.

வாடை முழுவதும் போன பிறகே உள்ளே வாருங்கள். மெக்கானிக் வந்து பார்க்கும் வரை அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்டுப் பாருங்கள்.

தீயே பிடித்துவிட்டால் சாமானை எடுக்க நிற்காதீர்கள். ஆட்களை வெளியேற்றுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது அவசர எண் 112-க்குப் போன் செய்யுங்கள். ஒருவரின் துணியில் தீப்பிடித்தால் அவரை ஓட விடாதீர்கள். தரையில் படுத்து உருளச் சொல்லுங்கள். கனமான பருத்திப் போர்வையால் சுற்றி அணையுங்கள். தீப்புண்ணில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். பற்பசை, இங்க், எண்ணெய், மாவு எதையும் தடவ வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கேஸ் இணைப்பு உள்ள வீட்டில் கேஸால் விபத்து நடந்தால் அதற்குக் காப்பீடு உண்டு. நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. விபத்தைப் பற்றி ஏஜென்சிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

படித்ததை எழுதி வையுங்கள்

பாட்டி மாலை நேர வகுப்புக்குப் போகிறவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். புது டியூப் வந்த அன்று அவரே கேஸ் புத்தகத்தை எடுத்தார். டியூப் வாங்கிய தேதியைக் கடைசிப் பக்கத்தில் எழுதினார். அதன் கீழே, மாற்ற வேண்டிய வருடத்தையும் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. எல்லோருக்கும் புரிந்தது.

அடுப்படிச் சுவரில் 1906 என்று கரியால் பெரிதாக எழுதினார்.

அடுத்த மாதம் புதுச் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் இறக்கினார். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பட்டையின் உட்பக்கம் பார்த்தார்.

"ரெண்டு வயிறு இருக்கு. அப்போ இது பி. ஏப்ரல்லேருந்து ஜூன்" என்றார். பிறகு வருடத்தைப் படித்தார். விரல் விட்டு எண்ணினார்.

"இன்னும் காலம் இருக்கு தம்பி. உள்ளே வைங்க" என்றார்.

மருமகள் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்தார்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுச் சிலிண்டரின் பட்டையில் என்ன எழுத்து இருக்கிறது? என்ன எண் இருக்கிறது? அது எந்த மாதம், எந்த வருடம் என்று எழுதுங்கள்.

2. உங்கள் வீட்டு டியூப்பைத் துடைத்துப் பாருங்கள். என்ன வருடம் அச்சடித்திருக்கிறது? மாற்ற வேண்டிய வருடம் எது?

3. காலிச் சிலிண்டரின் எடை 15 கிலோ 800 கிராம். அதில் 14 கிலோ 200 கிராம் கேஸ் இருக்கிறது. மொத்த எடை எவ்வளவு?

4. கேஸ் வாடை வரும்போது எரிகிற விளக்கை ஏன் அணைக்கக் கூடாது? பக்கத்து வீட்டில் உள்ளவருக்கு உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

5. உங்கள் வீட்டில் சளி பிடித்தவர், வயதானவர், வாடை தெரியாதவர் யார்? அவர்கள் தனியாக இருக்கும்போது என்ன செய்யலாம் என்று வகுப்பில் பேசுங்கள்.